கறை எடுப்பவரின் கட்டைவிரல்

முகாய் தொகுஜி கறை எடுப்பவர். ஒகயாமா ரயில் நிலையத்துக்குப் பின்னால், கூரை போட்ட கடைத்தெருவில் முப்பத்தொரு வருஷமாகச் சலவைக் கடை வைத்திருக்கிறார். சோயா சாஸ், மை, ரத்தம், கல்யாண வீட்டில் மாமியார் கை தவறிக் கவிழ்த்ததாகச் சொல்லப்படும் தேநீர், எதுவானாலும் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒருமுறை முகர்ந்து பார்த்து, "வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்க" என்பார். வெள்ளிக்கிழமை கறை இருக்காது. எப்படி எடுத்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு புன்னகை மட்டும் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த எண்ணம் உண்டு. மீதி நேரமெல்லாம் அவர் எண்ணம் எதிர்க்கடையைப் பற்றியது.

எதிர்க்கடை தகெமோதோ இசாவோவின் முடிதிருத்தும் கடை. இருவருக்கும் ஐம்பத்தெட்டு வயது. தகெமோதோவுக்குத் தலை நிறைய முடி. முகாய்க்குக் காதோரம் மட்டும். முடி வெட்டுகிறவனுக்கு எதற்கு அவ்வளவு முடி என்பது முகாயின் பழைய மனக்குறை. திங்கட்கிழமை தோறும் தகெமோதோவின் வெள்ளை அங்கிகள் சலவைக்கு வரும். மாதத்தின் முதல் புதன்கிழமை முகாயின் எஞ்சிய முடி தெருவைக் கடந்து போகும். வேறு கடைக்குப் போகலாம்தான். போனால் ஏன் போனார் என்று தெரு பேசும். தெரு சரியாகவே பேசும்.

இரண்டு பேருக்கும் பழைய வாள் பைத்தியம். இரண்டு பேரும் ஒரே சங்கம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, கோயில் அலுவலகத்தின் மாடிக் கூடத்தில் பதினேழு பேர் கூடுவார்கள். தலைவர் ஹிராமத்சு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஐந்து வாள்களை வரிசையாக வைப்பார்கள். கொல்லன் தன் பெயரை, பிடிக்குள் மறையும் அடித்தண்டில்தான் வெட்டியிருப்பான். அந்த இடத்தைத் துணி சுற்றி மறைத்துவிடுவார்கள். இரும்பை மட்டும் பார்த்து யார் கைவேலை என்று சீட்டில் எழுதித் தர வேண்டும். மூன்று சீட்டு வரை அனுமதி. தகெமோதோ முதல் சீட்டிலேயே பிடித்துவிடுவார். முகாய் மூன்றாவது சீட்டில் பக்கத்து மாகாணம் வரை வந்துசேர்வார்.

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் எல்லாச் சட்டத்துக்கும் மேல். உறையை விட்டு வந்த வாள் கையில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. எச்சில் ஒரு பொட்டுத் தெறித்தால் போதும், ஒரு மாதத்தில் அங்கே துரு பூக்கும். பழைய ஆட்கள் மடித்த தாளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் வாளைத் தூக்குவார்கள். இரும்பில் விரல் படக் கூடாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. அடுத்தவர் கண்ணில் விரலை விடாதீர்கள் என்று யார் எழுதி ஒட்டுகிறார்கள்? சங்கத்தில் ஒருவர் இன்னொருவர் மனைவியோடு ஊரைவிட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியபோது தேநீர் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். வாளின் மேல் தும்மியவர் ஒருவர் உண்டு; அவர் இன்றுவரை வெளியேதான்.

ஏழு வருஷத்துக்கு முன் இந்தச் சட்டம்தான் முகாயைக் கவிழ்த்தது.

குராஷிகியிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், கூட்டம் முடிந்ததும் ஒரு வாளை வெளியே எடுத்தார். பெயர் வெட்டாத வாள், அறுநூறு வயது. இந்த மாகாணத்துக் கொல்லர்களின் வேலை என்று சான்றிதழ் சொன்னது. எந்தக் கொல்லன் என்று சொல்லவில்லை. முதலில் அது முகாயின் கைக்கு வந்தது. தாளைக் கவ்விக்கொண்டு உருவினார். இரும்பின் உடம்பெல்லாம் நனைந்த பட்டில் தெரிகிற மாதிரி மெல்லிய ரேகைகள். விளிம்போரம், சோப்பு நுரை காய்ந்த தடம்போல ஒரு வெண்கோடு நுனி வரை போயிற்று. பார்த்ததுமே முடிவு செய்துவிட்டார். விலை ஒன்பது லட்சம் யென், வங்கியில் இருந்தது. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் வாள் கையில், தாள் வாயில். முறைப்படி நுனியை உறையின் வாயில் வைத்து, உரசாமல், அவசரப்படாமல், அங்குலம் அங்குலமாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். முக்கால் வாள் உள்ளே போனபோது, பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த தகெமோதோ குனிந்து வணங்கி, "இத நான் எடுத்துக்கறேங்க" என்றார்.

முதலில் சொன்ன வாய்க்குத்தான் வாள். அதுவும் முறை. முகாய் மிச்சக் கால்வாசியையும் உறைக்குள் இறக்கினார். வாயிலிருந்து தாளை எடுத்து, "நல்ல வாள், சந்தோஷம்" என்றார். தாளில் பல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

பிறகு வந்த ஏழு வருஷமும் அவர் வயிறு எரிந்துகொண்டே இருந்தது. ஆறுதலுக்கு மூன்று வாள் வாங்கினார். அவை பந்தயத்தில் தோற்றவனுக்குக் கொடுக்கும் பரிசு டம்ளர்கள் மாதிரி அலமாரியில் கிடந்தன. தகெமோதோ தன் வாளை வருஷத்துக்கு இரண்டு தடவை கூட்டத்துக்குக் கொண்டுவருவார். அன்று முகாய்க்கு மதியச் சாப்பாடு இறங்காது. வினிகரில் ஊறிய சின்ன மீனைக் குச்சியால் புரட்டிப் புரட்டிப் போடுவார். அவர் மனைவி புசாயோ ஒருநாள் சொன்னாள்: "அந்தக் கத்திய நீங்களே வாங்கியிருந்தா இந்நேரம் அதுவும் அலமாரியில தூங்கும். அது அவர்கிட்ட இருக்கறதுதான் ஒங்களுக்கு அழகு." அவர் சட்டைக் காலர்களை எண்ணப் போய்விட்டார்.

போன ஜூன் மாதம், மழைக்காலம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் முடிந்து வாள்களைத் துடைத்து வைக்கும் வேளை. தகெமோதோ எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "துடைக்கறதுன்னா முகாய் சான் கைதான். கறைய மெரட்டி ஓட்டற கை. என் வாள அவரே பாத்துக்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டா கிண்டலா என்று முகாய் யோசித்து முடிப்பதற்குள், மற்றவர்கள் தேநீருக்குக் கீழே இறங்கிப்போய்விட்டார்கள்.

கூடத்தில் அவரும் வாளும் மட்டும். பழைய எண்ணெயை உறிஞ்சும் கல்பொடி கட்டிய சின்னத் துணிப்பையால் மெல்லத் தட்டினார். தாளால் துடைத்தார். பழைய எண்ணெய் முழுக்கப் போய், புது எண்ணெய் பூசுவதற்கு முன் ஒரு நிமிஷம் உண்டு; அப்போது இரும்பின் மேல் ஒன்றுமே இருக்காது. அந்த நிமிஷத்தில், நுனியிலிருந்து ஒரு சாண் கீழே, முகாய் தன் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நாலு எண்ணும் நேரம் இருக்கும். இரும்பு முதலில் குளிர்ந்தது, பிறகு குளிரவில்லை. என்னுடையது என்று நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார். படியில் தகெமோதோவின் காலடி கேட்டது. எண்ணெய்த் துணியை ஒரே இழுப்பில் ஓட்டி, வாளை உறையில் போட்டு, தலைகுனிந்து நீட்டினார்.

வியர்வைக்கு மேல் எண்ணெய் பூசினால் கறையை உள்ளே வைத்துப் பூட்டியதாக அர்த்தம். இதை வாரம் இரண்டு வாடிக்கையாளர்களுக்காவது விளக்குகிறவர் அவர். கறையின் கணக்கு அவருக்கு அத்துப்படி. முதல் நாள் என்றால் உலர்ந்த தாளே போதும். மூன்றாம் நாள் பொடி வேண்டும். ஒரு வாரம் போனால் கொஞ்சம் பாடுபட வேண்டும். இரண்டு வாரம் போனால் வாடிக்கையாளரிடம் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும்.

முதல் நாளே தொலைபேசியைக் கையில் எடுத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூடத் தேவையில்லை. மழையாக இருக்கிறதே, வாளை இன்னொரு தடவை துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள் என்றால் முடிந்தது. அந்த வாக்கியத்தை நீராவி இயந்திரத்தின் முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாளும் எடுத்தார். ஏழாம் நாள் எண்களை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்தார். நல்லவராக இருப்பதற்கு ஒரு வாக்கியம்தான் குறைந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்னால் தகெமோதோவின் வாள் தப்பித்துவிடும் என்பதுதான் தடை. இரண்டாவது வாரம் முடிந்தபோது அவருக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது. இனிமேல் சொல்லியும் பயனில்லை.

ஆகஸ்ட் முதல் புதன்கிழமை முகாய் முடிவெட்டப் போனார். சவரம் முடிந்து வழக்கம்போல் தோளைப் பிடித்துவிட்ட தகெமோதோ, வழக்கமில்லாத வழக்கமாகக் கைகளையும் பிடித்துவிட்டார். வலது கட்டைவிரலை வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரலின் சுழிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு சாய்வாக ஓடியது.

"இது எப்ப பட்டது முகாய் சான்?"

"இஸ்திரிப் பெட்டி. பதினாலு வருஷம் இருக்கும்."

"குறுக்கால நல்லா ஓடுது. ஒருதடவ பாத்தா மறக்காது, இந்த வெரலு."

சுடச்சுட ஈரத்துணியை முகாயின் முகத்தில் போர்த்திவிட்டு, கத்தியைத் தீட்டப் போய்விட்டார். துணிக்கு அடியில் முகாய் என்ன முகம் காட்டினார் என்பது அந்தத் துணிக்குத்தான் தெரியும். காசு வாங்கும்போது தகெமோதோ எப்போதும்போல், பாத்துப் போங்க, வெயில் ஜாஸ்தி என்றார்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை அங்கிகளோடு தகெமோதோவே வந்தார். ஹிரோஷிமாவில் ஒரு வாள் பார்த்து வைத்திருப்பதாகவும், பெயர் வெட்டிய வாள் என்றும், அதை வாங்க இருப்பதை விற்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். "வெளியில சொல்றதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட சொல்றேன். ஏழு வருஷமா ஒங்க கண்ணு அது மேலதான். எனக்குத் தெரியாதா?" விலை பதிமூன்று லட்சம் என்றார், பழுது இல்லாத வாளுக்கான விலை.

முகாய் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. ஒருவேளை ஜூனில் அன்றைக்கே வீட்டுக்குப் போய் தகெமோதோ இன்னொரு தடவை துடைத்திருக்கலாம். ஒருவேளை எண்ணெய்த் துணியே எல்லாவற்றையும் எடுத்திருக்கலாம். ஆசைப்படுகிற மனிதனுக்கு ஒருவேளைகள் சல்லிசாகக் கிடைக்கும். பணம் எடுக்க வங்கிக்குக் கிளம்பியவரைப் புசாயோ வாசலில் நிறுத்தினாள். "முடி வெட்டினாலே பின்னந்தலைய நாலு தடவ கண்ணாடியில காட்டச் சொல்ற ஆளு நீங்க. வாள நல்லாப் பாத்து வாங்குங்க. எங்கயாவது துருகிரு இருக்கப் போகுது."

கடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் தகெமோதோ வெள்ளைத் துணி விரித்து, தேநீர் வைத்து, வாளை எடுத்துக் கொடுத்தார். முகாய் வணங்கி, தாளைக் கவ்வி, உருவினார். அடியிலிருந்து பார்த்துக்கொண்டே போனார். நனைந்த பட்டு அப்படியே இருந்தது. வெண்கோடும் இருந்தது. நுனிக்கு ஒரு சாண் கீழே அவர் விரலும் இருந்தது.

பழுப்பு நிறம். காசளவு. ஒவ்வொரு சுழியும் அச்சில் வார்த்த மாதிரி தெளிவு. நடுவே சாய்வாக அந்தத் தழும்பு.

வாள் வாங்கப் போகிற யாராக இருந்தாலும் இப்படி ஒரு துருவைக் கண்டால் உள்ளுக்குள் குதிப்பார்கள். வாளைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமி, சோகமான முகத்தோடு அந்த இடத்தைக் காட்டினால் போதும், விலையில் இரண்டு மூன்று லட்சம் அங்கேயே உதிரும். முகாய்க்கு அந்த வழி அடைத்துக் கிடந்தது. இந்த விரல் யாருடையது என்று கேட்டால்?

நல்லவேளை, வாள் கையில் இருந்தது, பேச வேண்டியதில்லை. ஆகவே கையை விட்டு இறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபக்கம் திருப்பினார். மீண்டும் இந்தப் பக்கம். தேநீர் ஆறியது. தகெமோதோ அதைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினார். அதுவும் ஆறியது. வாளை வாழ்நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்திருக்க முடியாது என்று கை வலி சொன்ன பிறகு, உறைக்குள் இறக்கித் தாளை எடுத்தார்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றார் தகெமோதோ.

"பாத்தேன்."

"கொறை ஏதாவது கண்ணுல பட்டா சொல்லிடுங்க. நமக்குள்ள என்ன இருக்கு, வெலயக் கொறைச்சுக்கலாம்."

முகாய் அவர் முகத்தைப் பார்த்தார். வழவழவென்று சவரம் செய்த முகம். அதில் ஒரு சுருக்கம்கூட உதவிக்கு வரவில்லை.

"ஒரு கொறையும் இல்ல."

"துரு எதுவும்?"

"நீங்க வெச்சிருந்த வாள்ல துரு எப்படி வரும்?"

"அதான் நானும் நெனச்சேன்" என்றார் தகெமோதோ, தேநீரை நகர்த்தி வைத்தபடி. "கடைசியா தொடச்சு வெச்சது வேற ஒங்க கையாச்சே. இத இன்னொருத்தருக்குக் குடுக்க எனக்கு மனசு வரல முகாய் சான். இது ஒங்க வாளு."

பதிமூன்று லட்சமும் கை மாறியது. பதிவு அட்டையில் உரிமையாளர் பெயர் மாறியது. கொடுத்தவரும் வாங்கியவரும் தரையில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். எவ்வளவு தாழக் குனிந்தார்களோ அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரமே வாளைத் தீட்டுகிறவரிடம் கொண்டுபோனார். அவர் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். பிறகு, வாளை நீட்டிய கையையும் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர். எடுக்கலாம் என்றார். ஆழமாக இறங்கியிருக்கிறது, அந்த ஒரு இடத்தை மட்டும் தீட்ட முடியாது, வாளின் முழு முகத்தையும் தேய்த்து இறக்க வேண்டும். அறுநூறு வருஷமாகத் தீட்டித் தீட்டி ஏற்கெனவே மெலிந்த வாள், இதற்கு மேல் தேய்த்தால் உள்ளிரும்பு எட்டிப் பார்த்துவிடும் என்றார். "கறை போகும். வாளும் கொஞ்சம் அதோட போகும்." பழைய பட்டுக் கிமோனோ கொண்டுவருகிறவர்களிடம் முகாய் சொல்லும் அதே வார்த்தைகள். அவர்கள் செய்வதைப் போலவே அவரும் பொட்டலத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்தார்.

ஜனவரி வந்தது. வருஷத்தின் முதல் கூட்டத்துக்குப் போன வருஷம் வாங்கிய வாள்களைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அது சங்கத்து முறை. முகாய் காலையில் வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருப்பதைப் புசாயோ பார்த்தாள்.

"வெட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல. முன்னெச்சரிக்கை."

கூடத்தில் அவர் வாள் கைக்குக் கை போயிற்று. ஒவ்வொருவர் பார்வையும் அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போய், நுனிக்கு ஒரு சாண் கீழே ஒரு மூச்சு நேரம் நின்று, மேலே போனது. வாள் கையில் இருந்ததால் யாரும் பேசவில்லை. உறைக்குள் போன பிறகும் பேசவில்லை. தலைவர் ஹிராமத்சு மட்டும் முகாயின் பிளாஸ்திரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குளிர் அதிகமாக இருக்கிறது என்றார். எல்லோரும் குளிரை ஆமோதித்தார்கள்.

பிறகு தகெமோதோவின் ஹிரோஷிமா வாள் வந்தது. பெயர் வெட்டிய வாள். நீளம், எடுப்பு, நுனி வரை தளராத வெண்கோடு. கையில் வாங்கியதுமே முகாயின் நெஞ்சில் பழைய அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது. ஏழு வருஷமாக ஒரு வாளுக்காக எரிந்து, பதிமூன்று லட்சம் கொடுத்து அதை அணைத்து, மூன்று மாதம்கூட ஆகவில்லை.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் சூடான பயறு இனிப்புக் கஞ்சிக்காகக் கீழே இறங்கினார்கள். தகெமோதோ புது வாளை முகாயிடம் நீட்டினார். "தொடைக்கறதுக்கு நம்ம முகாய் சான் இருக்காரே. ஒங்களுத நான் தொடச்சுத் தர்றேன், குடுங்க. ஏழு வருஷம் தொட்ட கை."

மறுக்க முறையில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டு வாய்களில் இரண்டு தாள். இரண்டு வாள்களும் உறையை விட்டு வெளியே வந்தன. முகாய் பொடி தட்டினார், துடைத்தார். பிளாஸ்திரி சுற்றிய விரலுக்கு ஆசை இல்லாமல் இல்லை. துணிக்குள் கிடந்து துடித்தது. எண்ணெயை எடுக்கத் தலை நிமிர்ந்தபோதுதான் பார்த்தார்.

தகெமோதோ துடைக்கவில்லை. கையிலிருந்த பழைய வாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை முகாய்க்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷம் அதற்குப் பின்னாலிருந்து உலகத்தைப் பார்த்தவர் அவர். வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. தாடை இறங்கி, கண் சிறுத்து, மூக்கு நுனி லேசாகச் சிவந்து, பார்க்கச் சகிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலவும் இருந்தது.

தகெமோதோவின் வலது கட்டைவிரல் மெல்ல எழுந்தது.

முகாய் கத்தியிருப்பார். வாயில் தாள். எழுந்து தடுத்திருப்பார். கையில் தகெமோதோவின் உறையில்லாத வாள். அந்த விரல் இறங்கி, துருவின் மேல் சரியாக உட்கார்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு எண்ணெய்த் துணி ஒரே இழுப்பில் ஓடியது, வாள் உறைக்குள் போனது.

இருவரும் தாளை எடுத்தார்கள்.

"நல்ல வாளு" என்றார் தகெமோதோ. "என்னிக்காவது அலுத்துப் போச்சுன்னா சொல்லுங்க. வாங்கின வெலைக்கே திருப்பி எடுத்துக்கறேன்."

"அலுக்காது" என்றார் முகாய். "ஒங்களுத நல்லாத் தொடச்சுட்டேன். ஒரு பொட்டு இல்ல. பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் விளக்கடியில் உட்கார்ந்து வாளை உருவினார். அவருடைய பழுப்பு விரலைச் சுற்றி, அதைவிட ஒரு சுற்றுப் பெரியதாக, ஈரமாக, எண்ணெய்க்கு அடியில் தகெமோதோ இருந்தார். முதல் நாள் கறை, உலர்ந்த தாளே போதும். ஒரு தடவை துடைத்தார், மங்கியது. இரண்டாவது தடவைக்குத் தகெமோதோ போய்விட்டார். மூன்றாவது தடவை தொழில் சுத்தத்துக்காக. நான்காவது தடவை துடைக்க எந்த அவசியமும் இல்லை. அது சந்தோஷத்துக்கு.